புளி போட்டு விளக்கிய படிக்கற்கள்

என் ராக்கு மதினிக்கு,

இல்லை, பூட்டை மாற்றவில்லை. மாற்ற நினைத்தது உண்மை. இராமநாதபுரம் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தேன். என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. விஞ்ஞான அறையை அந்தப் பூட்டால் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்வதாக இருந்தேன். ஊரில் எவர் கையிலும் கொடுப்பதாக இல்லை. ஏன் மாற்றவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இருந்தவரை உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். அண்ணன் மனைவி, வயதில் மூத்தவள், அதனால் மரியாதை என்று வீட்டில் நினைத்தார்கள். தள்ளி நிற்பதற்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நீ போன பிறகு தள்ளி நிற்க இடம் இல்லை. அதனால் "நீ".

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு நம் இருவரையும் தெரியாது. நம் ஊர், சிக்கல் என்கிற ஊருக்கும் கடலுக்கும் நடுவில். வானம் பார்த்த நெல், மிளகாய், பனை. எட்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். நீ தேவிபட்டினத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யும் ஆசிரியப் பயிற்சியும் முடித்துக் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொன்னவள். நான் சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, அதே பள்ளிக்கு மேல் வகுப்பு ஆசிரியையாக வந்தவள்.

பட்டம் என்னிடம் இருந்தது. ஊர் உன்னிடம் இருந்தது.

வந்த புதிதில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "டீச்சர் இருக்காகளா?" எழுந்து போனேன். வேப்பம்பூவும் வியர்வையுமாக ஒரு பெண். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இல்லத்தா. ராக்கு டீச்சரு." உள்ளே திரும்பி உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும். அப்படி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

பொறாமை என்று எழுத இத்தனை வருஷம் ஆனது. எழுதிவிட்டேன். காகிதம் ஒன்றும் எரியவில்லை.

சாவடியில் நான் பேசினது உனக்கு நினைவிருக்கும். கிரகங்களின் படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, சூரியனைச் சுற்றி எது எது எப்படிப் போகிறது என்று விளக்கினேன். ஊர் வந்து உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டது. முடிந்ததும் அம்பலகாரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஊருக்கு நல்லது கெட்டது சொல்கிற தலைவர் அவர்தான்.

"நல்லாப் பேசுனெ தாயி. சந்திரனுக்குப் போறாங்களாமே? அங்கன போயி என்னத்த வெதைக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை நீ என் மேசையிலிருந்த லென்ஸைக் கேட்டாய். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கப் பெண்கள் வரும் நேரத்தில் ஊருணிக்குப் போய், ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு, வெயிலுக்கு எதிரே பிடித்து, லென்ஸை வைத்து முனியம்மாவைப் பார்க்கச் சொன்னாய். வாசலில் உன்னைத் தேடி வந்தாளே, அவள். அந்தக் கோடையில் அவள் காலில் நரம்புச் சிலந்திப் புழு வெளிவந்து, நடக்க முடியாமல் நொண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி! இது நீந்துதே!"

"நீந்தட்டும். நல்லாப் பாரு."

"இதையா டீச்சர் குடிச்சுக்கிட்டிருக்கோம்?"

"இதத்தான். சிலந்திக் குஞ்ச இது வயித்துல வெச்சுக்கிட்டுத் திரியுது. நீ இதக் குடிச்சா அது ஒன் வயித்துக்கு வருது. அடுத்த வருசம் கால் வழியா வெளிய வருது."

"தூ!"

"துப்பாத. முந்தானைய நாலா மடிச்சுக் கொடத்து வாயில கட்டு. இது உள்ள போகாது."

முனியம்மா கட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அடுத்த கோடையில் அவள் வீட்டில் யாருக்கும் சிலந்தி வரவில்லை. அதற்குப் பிறகு நீ என்ன கேட்டாலும் ஊர் கொடுத்தது.

எனக்கு அந்தப் பூச்சியின் லத்தீன் பெயர் தெரியும். அந்த லென்ஸின் குவியத்தூரம் தெரியும். லென்ஸ் என்னுடையது, மதினி. சென்னையில் பழைய சாமான் கடையில் பேரம் பேசி நான் வாங்கினது. அதை இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. நீயாவது சொல்லியிருக்கலாமே?

பிறகு அறை. மழைக்கு முன் கண்மாயில் வேலை செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் வருவது நம் ஊர் வழக்கம். வராத வீட்டுக்கு மரியாதை இல்லை. அதே முறையில் பள்ளிக்கு ஓர் அறை கட்டித் தரக் கேட்டாய். கூரைக்குப் பனங்கை தந்த வீடு, சுண்ணாம்பு தந்த வீடு, மண் சுமந்த வீடு. களத்தில் நெல் அளக்கும்போதே வீட்டுக்கு ஒரு மரக்கால் அறைக்கென்று ஒதுங்கியது. அதில்தான் கண்ணாடிக் கூண்டு வைத்த தராசும், பித்தளைப் படிக்கற்கள் அடுக்கிய பெரிய எடைப் பெட்டியும், மைக்ராஸ்கோப்பும் மதுரையிலிருந்து வந்தன.

அறைக்கு இரண்டு சாவி. ஒன்று பள்ளிக்கு. இன்னொன்று மாதம் ஒரு வீடாக ஊரைச் சுற்ற வேண்டும் என்றாய். நிலம் வைத்திருப்பவர்களின் மேலத் தெருவிலும், அந்த நிலத்தில் கூலி வேலை செய்பவர்களின் கீழத் தெருவிலும். அம்பலகாரர் முகம் சுருங்கியது.

"அந்தத் தெருவுக்குமா சாவி?"

"அவுக மண்ணுச் சொமக்கலையா மாமா?"

"சொமந்தாக."

"பெறகென்ன மாமா."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். சாவி சுற்றியது. நான் வாதாடியிருந்தால் அரசியல் சட்டத்தை இழுத்திருப்பேன்.

அப்போதுதான் கல்வி இலாகாவிலிருந்து உத்தரவு வந்தது. கருவிகள் சரியான நிலையில் உள்ள விஞ்ஞான அறை இருந்தால், அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொண்டால், நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு திறக்கலாம். பையன்கள் எட்டு முடித்து வெளியூர் போவார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்பினார்கள்? முனியம்மாவின் மகள் பஞ்சவர்ணம் அப்போது எட்டில் இருந்தாள். "இங்கன ஒம்போது வந்தாப் படிக்கட்டும். வராட்டி என்னோட மொளகா பறிக்க வரட்டும்" என்று முனியம்மா சொல்லிவிட்டாள். எல்லாம் அந்த ஒரு வருகையில் இருந்தது.

அதிகாரி வருவதற்கு முன் ஆடியில் நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி, இராமநாதபுரம் ஆஸ்பத்திரி, எதற்கும் அது நிற்கவில்லை.

உன்னை எடுத்துப் போன அன்று இரண்டு தெருவும் நம் வாசலில் நின்றது. நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அழுதுகொண்டே, இவ்வளவு பேர் எனக்கு வருவார்களா என்று ஒரு எண்ணம் குறுக்கே ஓடியது. அதை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். கூடவே வந்துவிட்டது.

சரஸ்வதி பூசை வந்தது. நம் வீடு துட்டி வீடு. வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. பூசையும் மறுநாளும் நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. வீட்டில் என்னைப் பெற்ற அய்யா ஒரு மூலையில், அண்ணன் ஒரு மூலையில். அடுத்த வாரம் அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. அவரிடம் என்ன என்ன காட்டலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை பேசப்போவது நான் மட்டும். அந்த நினைப்பு இனித்தது.

விடுமுறை முடிந்து அறையைத் திறந்தேன். சந்தன வாசனை. பொரி. மைக்ராஸ்கோப்புக்குச் செவ்வந்தி மாலை. கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில், கண்ணாடியின் மேலேயே, வட்டமாகச் சந்தனமும் குங்குமமும். தராசின் கோலுக்கு விளக்கெண்ணெய், வண்டி அச்சுக்குப் போடுவது போல ஒழுக ஒழுக. தட்டுகளில் பொட்டு.

எடைப் பெட்டியைத் திறந்தேன். தங்கம் மாதிரி மின்னியது.

படிக்கற்களை விரலால் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு இடுக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. விரலின் ஈரம்கூட எடையை மாற்றும். அந்தக் கற்களைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, பித்தளைச் செம்பை விளக்குவது போல விளக்கியிருந்தார்கள். சந்தனத்தைத் துடைத்துவிடலாம். எண்ணெயை எடுத்துவிடலாம். தேய்ந்து போன பித்தளையை எங்கே போய்த் தேடுவது?

முதலில் என்ன தோன்றியது என்று கேட்கிறாயா? சந்தோஷம். உன் ஆட்கள், உன்மேல் உள்ள பாசத்தால், உன் அறையைக் கெடுத்துவிட்டார்கள். பிறகு அந்த மின்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை கை பட்டால் இப்படி மின்னும். எனக்காக யார் எதைத் தேய்ப்பார்கள்?

அந்த மாதம் சாவி முனியம்மா வீட்டில். ஆள் அனுப்பினேன். அவளோடு இரண்டு தெருப் பெண்களும் வந்துவிட்டார்கள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்களின் முகம்.

"யாரு இத வெளக்குனது?"

"நாங்கதான் டீச்சர். நல்லாருக்குல்ல?" முனியம்மா பெட்டியை எட்டிப் பார்த்தாள். "வருசா வருசம் ராக்கு டீச்சர் பெட்டிக்கு வெளிய மட்டும் பொட்டு வெச்சுட்டு விட்டுருவாக. இந்த வருசம் அவுகளும் இல்ல. ஒங்க வீடு துட்டி வீடு, நீங்க கும்புடக் கூடாது. அதான் ஊரு கும்புட்டுச்சு. வீட்டுக்கு ஒரு படிக்கல்லுன்னு பிரிச்சுக் கொடுத்து வெளக்கச் சொன்னோம்."

"எதுக்குப் பிரிச்சீங்க?"

"ஒருத்தி வெளக்கி ஒருத்தி வெளக்கலைன்னா நாளைக்குப் பேச்சு வராதா?"

நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்க தேய்ச்சதுல கல்லு அத்தனையும் எடை கொறஞ்சு போச்சு. அதிகாரி வந்து பார்த்தா இந்த ரூம்பு செல்லாதும்பாரு. ஒம்பதாம் வகுப்பு வராது. ராக்கு டீச்சருக்குச் செய்யுறோம்னு அவுக வேலையையே கெடுத்துட்டீங்க."

முனியம்மாவின் கை பெட்டியிலிருந்து விலகியது. பஞ்சவர்ணம் அவள் பின்னால் நின்றாள். அவள் ஒரு முறைதான் என்னைப் பார்த்தாள். இந்த முகங்களைத்தான் பார்க்க விரும்பினேன். பார்த்தேன். நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

மைக்ராஸ்கோப்பின் கண்ணில் இருந்த பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தேன். முனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. நாங்க வெச்சத நாங்களே தொடைக்கிறோம்."

என் மனதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? லென்ஸ் கெட்டுவிடும் என்றுதான் துடைக்கப் போனேன். அது மட்டும்தானா, மதினி?

பின்னாலிருந்து ஒரு குரல். "நான் லேசாத்தான் தேய்ச்சேன். செங்கப்பொடி போட்டது இவதான்."

"யாருடி செங்கப்பொடி? நான் வெறும் புளி!"

"ஒன் புளியத் தெரியாதா? ஒன் வீட்டுச் செம்புல தண்ணி நிக்காது. ஓட்டை விழுந்தாத்தான் கைய எடுப்ப."

"எங்க தெருக் கல்லு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. மேலத் தெருவுலதான் வேலையத்த கை."

"ஆமா, ஒங்க கைக்கு வலுவேது தேய்க்க!"

சத்தம் கேட்டு அம்பலகாரர் வந்தார். விஷயம் தெரிந்ததும் முதலில் கேட்டது அதிகாரியைப் பற்றி அல்ல. "எங்க வீட்டுக் கல்லு எப்படி இருக்கு?"

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அடுத்த வீட்டுச் செம்பு என் செம்பைவிடப் பளபளக்கிறதா? அடுத்தவளை ஊர் அதிகமாகக் கொண்டாடுகிறதா? இந்த நோயின் சூடு, குளிர், எந்த நேரத்தில் ஏறும், எப்போது இறங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். என் பட்டப்படிப்பைவிட நன்றாகத் தெரியும். அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சண்டை வேண்டாம். யார் வீட்டுக் கல்லு எம்புட்டுக் கொறஞ்சிருக்குன்னு நிறுத்தே பார்த்துருவமா?"

"பார்த்துருவோம்" என்றது இரண்டு தெருவும்.

நிறுத்துப் பார்க்கத் தேய்க்காத எடைப் பெட்டி ஒன்று வேண்டும். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவள் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் இருந்தாள். அவளுக்குச் சீட்டு எழுதினேன். கொண்டு போக ஆள்? நீ போனபின் அண்ணன் அறைப் பக்கம் வந்ததில்லை. அன்று அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "நான் போயிட்டு வாரேன்."

காலைப் பஸ்ஸில் போய் மாலைப் பஸ்ஸில் வந்தான். பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"பக்கத்துல ஒருத்தன், உள்ள என்னப்பா தங்கமான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"எம் பொண்டாட்டியோடதுன்னேன்."

பெட்டி என் தோழியுடையது. சீட்டு நான் எழுதினது. யோசனை என்னுடையது. வாங்கிக்கொண்டேன். உனக்கு எப்படி இதெல்லாம் வந்து சேர்கிறது? செத்த பிறகும்?

மறுநாள் எண்ணெயும் சந்தனமும் போன தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினோம். கடல் காற்று புகாமல் சன்னல்களைச் சாத்தினோம். சாத்தின சன்னல்களின் இடுக்கில் எல்லாம் கண்கள். வீட்டுக்கு ஒருத்தி தன் கல்லுக்கு நேரே வந்து நின்றாள். கண்மாய் வேலைக்கு நிற்கிற மாதிரி. பஞ்சவர்ணம் இடுக்கியைப் பிடித்தாள். ஒரு தட்டில் நம் கல், இன்னொன்றில் இரவல் கல். முள் சாயும் பக்கத்தைப் பார்த்துச் சிறு தகடுகளைச் சேர்த்துச் சேர்த்து, முள் நடுவில் நின்றதும் குறைந்த அளவைச் சத்தமாகச் சொன்னாள். மூச்சு விடாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முனியம்மாவின் கல் கொஞ்சம் குறைந்திருந்தது. செங்கப்பொடிக்காரியின் கல் இன்னும் கொஞ்சம். அம்பலகாரர் வீட்டுக் கல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்ந்திருந்தது. அறை சிரிப்பில் குலுங்கியது. அவர் மீசையைத் தடவினார்.

"எங்க வீட்டு ஆளுக்கு எதையும் அரைகொறையாச் செய்யத் தெரியாது. ராக்குன்னா அவளுக்கு உசுரு."

அந்த ஒரு பேச்சில் எல்லாம் தலைகீழானது. அதுவரை தன் கல் குறையவில்லை என்று சாதித்தவர்கள் முகம் வாடிவிட்டது.

"என் கல்லு இம்புட்டுத்தான் கொறஞ்சிருக்கா? இருக்காதே. இன்னொரு தடவ போடு பஞ்சு."

"நான் காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் தேய்ச்சேன் டீச்சர். தராசு சரியாத்தான் இருக்கா?"

திரும்ப நிறுத்தோம். சிலருக்கு இரண்டாம் முறையும் நம்பிக்கை வரவில்லை. ஏன் ஒரே கல்லை இரண்டு முறை நிறுத்துப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. உன்மேல் ஊர் வைத்த பாசத்தை மில்லிகிராமில் நிறுத்துக்கொண்டிருந்தேன், மதினி. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடைத்திருக்க மாட்டாள்.

கடைசியில் பெட்டியில் ஒரு கல் மிச்சம் இருந்தது. கறுத்து, பழைய நிறத்திலேயே.

"இது யாரோடது?"

"ஒங்க வீட்டுது" என்றாள் முனியம்மா. "துட்டி வீடு வெளக்கக் கூடாது. ஆனா ஒங்க மொறைய நாங்க எடுத்துக்கக் கூடாதுல்ல? அதான் அப்பிடியே வெச்சுட்டோம்."

பஞ்சவர்ணம் நிறுத்தாள். முள் நடுவில் நின்றது. துளி குறைவில்லை.

"பாவம், அவுக கல்லு முழுசா இருக்கு" என்றாள் அம்பலகாரர் மனைவி. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

எல்லாரும் போன பிறகு அந்தக் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியிலேயே சரியான கல் அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கொஞ்சம் தேய்த்துவிடலாமா என்று இருந்தது. ஊரோடு நானும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பௌதிகம் படித்தவள் நினைக்கக் கூடாத நினைப்பு. தேய்க்கவில்லை. படிப்பு தடுத்ததா, தேய்த்தாலும் உன்னைப் போல ஆக மாட்டேன் என்று தெரிந்ததா?

அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு கல்லுக்கும் நேரே வீட்டுப் பெயர். அதற்கு நேரே குறைவு. கல்லின் எடையும் குறைவும் மட்டும் போதும் என்றேன். வீட்டுப் பெயர் இல்லாமல் ஒட்டக்கூடாது என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது.

அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். பெட்டியைத் திறந்ததும் புருவம் ஏறியது. பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது என்ன? வரி பாக்கியா?"

பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். "இல்ல சார். கல்லு தேஞ்சிருக்கு. எந்தக் கல்லப் போடுறமோ அந்த வீட்டுக் கணக்கக் கழிச்சுக்கணும்."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அவள் தட்டில் வைத்தாள். இடுக்கியால் கற்களை வைத்தாள். உரக்கக் கழித்தாள். "அம்பலகாரர் வீட்டுக்கு இம்புட்டு. எங்க வீட்டுக்கு இம்புட்டு." இரவல் பெட்டி இன்னும் இருந்தது. அதை வைத்து அவரே ஒருமுறை நிறுத்தார். அவள் சொன்ன எடைதான் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

"கருவி புதுசா இருந்தா நல்லா இருக்கும்னு எழுதப் போறேன். ஆனா இங்க பிள்ளைகளுக்கு நிறுக்கத் தெரியுதுன்னும் எழுதுவேன். இந்த ஏற்பாடெல்லாம் யாருது?"

"ராக்கு டீச்சரோடது சார்" என்றது வாசலில் நின்ற ஊர் மொத்தமும்.

பெருந்தன்மையாக இருந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். "அறை அவங்களோடது சார்" என்றேன். "அந்த அட்டவணை என்னோடது."

அண்ணன் தரையைப் பார்த்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவேளை முதல் முறையாக. முனியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமா சார். அது இந்த டீச்சரு செஞ்சது. கோவக்காரி. வாயத் தொறந்தா மொளகா. ஆனா நிறுவைனா நிறுவை."

அதிகாரி இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். உன் பெயர் முதலில்.

கோடையில் ஆணை வந்தது. இன்று காலை ஒன்பதாம் வகுப்பு திறந்தது. வாசலில் உன் பெயரில் பலகை வைக்க வேண்டும் என்று அம்பலகாரர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வைக்கட்டும் என்று நேற்றுத்தான் சொன்னேன். அதற்கு எனக்கு ஒரு மாதம் வேண்டியிருந்தது. பலகையை நான் எழுதித் தர வேண்டுமாம். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பூட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். சாவி என்னிடம் மட்டும் இருந்திருந்தால் கற்கள் தேய்ந்திருக்காது. அறையும் சரியாக இருந்திருக்கும், என் பெட்டியில் சுருட்டி வைத்திருக்கும் கிரகப் படம் மாதிரி. இதற்கு மேல் விளக்க எனக்கு வரவில்லை. சாவி இந்த மாதம் கீழத் தெருவில் இருக்கிறது.

உன்மேல் இருப்பது போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாய். மதுரையில் ஒரு கல்லூரி வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. அங்கே உன்னை ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு லேசாக இருந்திருக்கும். வர இயலாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். இன்று ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிறவரை இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். இது வாக்கு. அடுத்த பூசைக்கும் வீட்டுக்கு ஒரு கல் உண்டு. விளக்குவதற்கு இல்லை, எல்லாரும் வந்து நிறுத்துப் பார்ப்பதற்கு. இதுவும் வாக்கு. உனக்காகச் செய்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

மணி அடிக்கிறார்கள். போறேன் மதினி.

உன்னோடு ஒரே அடுப்பில் உண்ட, உன் புருஷனுக்குத் தங்கையான, உன் நாத்தனார்
வடிவு

எழுதி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். வருகை எடுத்தேன். பஞ்சவர்ணம் என்று கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.